யூகோ என்று யாரும் இல்லை

"யூகோன்னு ஒருத்திய எனக்குத் தெரியவே தெரியாது மேடம். மாதாவாணை!"

பெனின் தன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். அவனுக்கும் நேசபாய்க்கும் நடுவே மேஜையில் மூன்று தாள்கள் கிடந்தன. மூன்றும் காதல் கடிதங்கள். மூன்றின் அடியிலும் ஒரே பெயர்தான். யூகோ.

நேசபாய் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவனைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயது. நாகர்கோவில் தந்தி ஆபீசில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள். வேப்பமூடு பக்கம் ஒரு மாடியில் இரண்டு அறை பிடித்து 'நேசம் துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டி ஐந்து வருடம் ஆகிறது. பெரும்பாலும் வெளிநாட்டு மாப்பிள்ளைகளின் யோக்கியதையை விசாரிக்கிற வேலை. ஜப்பானியக் காதல் கடிதம் இதுவே முதல் தடவை.

"விவரமா சொல்லு தம்பி."

பெனின் கடியப்பட்டணத்துக்காரன். திருவனந்தபுரத்தில் ஜப்பான்காரர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தான். போன வருடம் எட்டு மாதம் ஒசாகாவில் வேலை. அடுத்த மாதம் மறுபடியும் போகிறான். இந்தத் தடவை மூன்று வருடத்துக்கு. அதற்குள் வீட்டு மெயிலுக்கு இந்தக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. வாரத்துக்கு ஒன்று.

"எனக்க பொண்டாட்டி லிஜா பிரிண்ட் எடுத்துட்டு வந்து, நான் சாப்பிடும்போ ஒவ்வொண்ணையும் ஒரு தடவ சத்தமா வாசிச்சா மேடம்."

"அவளுக்கு ஜப்பான் பாஷை தெரியுமா?"

"ஒரு வார்த்த தெரியாது. ஆனா இது இங்கிலீஷ் எழுத்துலல்லா இருக்கு? யாரும் வாசிக்கலாம். ஜப்பான் எழுத்த இப்படி மாத்துறதுக்கு சாப்ட்வேர் உண்டு. அதுல போட்டு எடுத்ததாக்கும் இது."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த சாப்ட்வேர எழுதினதே நான்தான் மேடம்."

பயத்துக்கு நடுவிலும் அவன் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. கம்பெனிக்கு வரும் ஜப்பானியக் காகிதங்களை மற்றவர்களால் வாசிக்க முடியவில்லை. அதற்காக ராத்திரியும் பகலும் உட்கார்ந்து எழுதியதாம். ஜப்பானிய எழுத்தை உள்ளே போட்டு ஒரு பொத்தானைத் தட்டினால் ரோமன் எழுத்தில் வெளியே வரும். அதற்கு லிஜா என்றே பெயர் வைத்திருந்தான்.

"எனக்க பொண்டாட்டி பேர்ல நான் எழுதினது ரேஷன் கார்டு மனு மட்டும்தான்" என்றான் சுயம்பு.

சுயம்பு நேசபாயின் உதவியாளன். நாற்பது வயது. பிரவுசிங் சென்டர் நடத்தி, எல்லாருடைய செல்போனிலும் இண்டர்நெட் வந்த பிறகு கடையை மூடியவன். கடைதான் மூடியதே தவிர வாய் மூடவில்லை.

"இந்த சாப்ட்வேர் யார் யாருகிட்ட உண்டு?" என்று கேட்டாள் நேசபாய்.

"எனக்க லேப்டாப்ல ஒண்ணு. சிஜின் லேப்டாப்ல ஒண்ணு. வேற யாருக்கும் இன்னும் குடுக்கல."

"சிஜின் யாரு?"

"எங்கூட வேல பாக்கிறவன். ரெண்டு பேரும் ஒண்ணாதான் ஜப்பான் பாஷை படிச்சோம். ஒசாகாவுக்கு ஒரே ஒரு சீட்டு வந்திச்சு. அது எனக்குக் கிடைச்சிட்டு. அன்னையில இருந்து அவனுக்கு வயித்தெரிச்சல். அவன்தான் மேடம். ஒரு அத்தாட்சி மட்டும் எடுத்துத் தாங்க."

நேசபாய் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பாஷை புரியாவிட்டால் என்ன? தந்தி ஆபீசில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு வருகிற எத்தனையோ பேரைப் பார்த்தவள். 'அம்மாவுக்குச் சுகமில்லை' என்பதைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவார்கள். தந்திப் படிவத்தைப் பார்த்தே எழுதியவர் டீச்சரா டிரைவரா என்று சொல்லிவிடுவாள்.

"இதுல ஆளே தெரியலியே தம்பி. ஒரு வார்த்தகூட ரெண்டு விதமா இல்ல. மெஷின்னு நீ சொல்லுதது சரிதான். உள்ள என்ன எழுதியிருக்கு?"

பெனின் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஒசாகாவில் மழை பெய்கிறது... உன் குடை என்னிடம் இருக்கிறது... என்னைப் பற்றி உன் மனைவியிடம் எப்போது சொல்வாய்..."

அவன் படியிறங்கிப் போனதும் சுயம்பு உச்சுக் கொட்டினான். "பாவம் அக்கா. நல்ல பையன்."

"கள்ள லெட்டர் வந்தவன் கோவப்படுவான் சுயம்பு. இவன் பயப்படுதான். பாத்தியா?"

*

மறுநாள் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு சுயம்புவின் பழைய மாருதி தோவாளை பூச்சந்தைக்கு வெளியே நின்றது. சிஜின் தன் தங்கையின் கல்யாணத்துக்குப் பூ சொல்லி வைக்க வந்திருந்தான். போனில் விசாரித்தபோது, வேண்டுமானால் அங்கே வந்து பார்க்கும்படி சொல்லியிருந்தான்.

பிச்சிப்பூ மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஓரமாக நின்றார்கள். நேசபாய் சுற்றி வளைக்கவில்லை.

"ஒனக்கு பெனின் மேல பொறாமை உண்டுமா தம்பி?"

சிஜின் ஒரு நொடி முழித்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"உண்டு மேடம். இல்லன்னு சொன்னா பொய். ஒரே பெஞ்சுல இருந்து படிச்சோம். பரீட்சையில அவன விட எனக்கு நாலு மார்க் கூட. பிளைட் ஏறினது அவன். அங்க பனியில நின்னு பேஸ்புக்ல படம் போடுவான். நான் லைக் போட்டுட்டு, போய் ஒரு செம்பு மோரு குடிப்பேன். வயிறு ஆறணும்லா?"

"லைக் போட்டதோட விட்டியா? லெட்டரும் போட்டியா?" என்றான் சுயம்பு.

"லெட்டரா?"

நேசபாய் முதல் தாளை நீட்டினாள். சிஜின் இரண்டு வரி வாசித்தான். அவன் முகம் கணக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார் முகமாக மாறியது.

"இத எழுதினது ஜப்பான்காரி இல்ல. மெஷின். இஞ்ச பாருங்க. 'நான்'ங்கதுக்குப் பொறவு வர்ற இந்த எழுத்து, எழுதும்போ 'ஹ'. வாயில வரும்போ 'வ'. ஜப்பான்ல மூணு வயசுப் பிள்ளகூட 'வ'ன்னுதான் சொல்லும். மெஷினுக்குக் காது கிடையாதே! எழுத்தப் பாத்து 'ஹ'ன்னு போட்டிருக்கு. நம்ம பாபுங்கிற பேர எழுத்துக் கூட்டி வாசிச்சா 'பாப்பு'ன்னு ஆகும்லா? அதே கததான். இத சரி பண்ணுடேன்னு பெனின்கிட்ட நூறு தடவ சொன்னேன்."

"இந்த யூகோ யாரு?"

"யூகோவா? அப்படி யாரும் எங்க வேலையில..." சிஜின் பேச்சை நிறுத்தினான். பூப் பொதிகிற காகிதம் ஒன்றை இழுத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, இரண்டு ஜப்பானிய எழுத்துகளை வரைந்தான்.

"ஓ... இதுவா! மேடம், இந்த ரெண்டு எழுத்து சேந்தா ஒரு பொம்பளப் பிள்ள பேரு. இத யூகோன்னும் வாசிக்கலாம், ஹிரோகோன்னும் வாசிக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும். அவங்க வாயால சொன்னாத்தான் எதுன்னு நமக்குத் தெரியும். சாப்ட்வேர் எப்பவும் யூகோன்னுதான் போடும். ஒசாகா ஆபீஸ்ல இதே எழுத்துல ஒருத்தங்க உண்டு. ஆனா அவங்க ஹிரோகோ. எங்க வேலையெல்லாம் அவங்க மூலமாத்தான் வரும். வாரத்துல ரெண்டு நாளு போன்ல மீட்டிங். 'ஹிரோகோ பேசறேன்'னுதான் ஆரம்பிப்பாங்க."

"பெனினுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஏதாவது..."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். நான் பொறாமைக்காரன்லா?"

நேசபாய் அந்தக் காகிதத்தை மடித்து கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நாகர்கோவிலை நோக்கி ஓடியது. மழை பிடித்திருந்தது. வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது.

"தன் பேர தானே தப்பா எழுதுறவ உண்டா சுயம்பு?"

"குடிச்சிருந்தாக்கூட எழுத மாட்டா அக்கா."

"அப்போ ஹிரோகோ இத எழுதல. சிஜினும் எழுதல. அவன் எழுதியிருந்தா ஹிரோகோன்னு சரியா போட்டிருப்பான். வாராவாரம் கேக்கிற பேரு. எழுதினவங்க அந்தப் பேர கண்ணால பாத்திருக்காங்க. காதால கேட்டதே இல்ல. சாப்ட்வேர் இருக்கது ரெண்டு லேப்டாப்ல. ஒண்ணு சிஜினுக்கது. மத்தது..."

"பெனினுக்கது. அவனுக்கும் பேரு தெரியுமே."

"அவனுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுல இருக்கவங்களுக்குத் தெரியாது."

சுயம்பு பிரேக்கை மிதித்த வேகத்தில் பின்னால் வந்த மீன் வண்டிக்காரன் அவனுடைய மூன்று தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போனான்.

"வண்டிய எடு" என்றாள் நேசபாய். "கடியப்பட்டணம்."

*

கதவைத் திறந்தது லிஜாதான். இருபத்தேழு வயதிருக்கும். கணிதப் பட்டதாரி. கண்ணுக்குக் கீழே கருவளையம். வீட்டுக்குப் பின்னால் கடல் கனத்துக் கிடந்தது. பெனின் மணவாளக்குறிச்சிக்குப் போயிருந்தான். வருவதற்கு அரை மணி நேரமாகும் என்றாள்.

"நாங்க ஒன்னப் பாக்கத்தான் மக்ளே வந்தோம்" என்று நேசபாய் உட்கார்ந்தாள். யார், எதற்கு என்பதை மறைக்காமல் சொன்னாள். பிறகு முதல் தாளை நீட்டினாள். "இத எனக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டுவியா? சத்தம் எப்படி இருக்குன்னு கேக்கணும்."

லிஜா வாங்கி வாசித்தாள். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. பாதிக்கு மேல் அவள் கண் தாளில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே எங்கோ இருந்தது. வாய் மட்டும் ஓடியது.

"பாக்காமலே வாசிக்கியே மக்ளே."

லிஜாவின் வாய் நின்றது.

"சத்தமா வாசிச்சது ஒரே ஒரு தடவன்னு அவன் சொன்னான். ஒரு தடவ வாசிச்சு இப்படி மனப்பாடம் ஆவாது. எத்தன நாளு பழகின?"

லிஜா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அது போவட்டு. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். அவளுக்க பேரு யூகோ இல்ல."

லிஜா சட்டென்று திரும்பினாள். மாட்டிக்கொண்ட பயம் அந்த முகத்தில் இல்லை. பசிதான் இருந்தது.

"பின்ன என்ன பேரு?"

"ஹிரோகோ."

"ஹிரோகோ." லிஜா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவை சொன்னாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாற்பத்தேழு மெயில் அக்கா. அவரு லேப்டாப்ல தனியா ஒரு இடத்துல வச்சிருந்தாரு. எல்லாம் ஜப்பான் எழுத்து. அனுப்பினவ பேரு இருக்க வேண்டிய இடத்துல ஏதோ பூ பேரும் ஒரு நம்பரும். ஒவ்வொண்ணுக்கும் கடைசியில அதே ரெண்டு எழுத்து. அத மட்டும் எடுத்து சாப்ட்வேர்ல போட்டேன். யூகோன்னு வந்திச்சு. எனக்க பேர வச்ச சாப்ட்வேர் அக்கா! அது காட்டித் தந்தது அவளுக்க பேர."

"மெயில்ல என்ன இருந்திச்சு?"

"இண்டர்நெட்ல போட்டு இங்கிலீஷ் ஆக்கிப் பாத்தேன். மழை பெய்யுது. இன்னைக்கு மீன் பொரிச்சேன். டிரெயின்ல உன் இடம் காலியா இருந்திச்சு. உடம்பப் பாத்துக்கோ. இவ்வளவுதான். காதல்னு ஒரு வார்த்த கிடையாது. சண்ட போட எனக்கு ஒரு வார்த்த வேண்டாமா? தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கல. அதான் நானே இங்கிலீஷ்ல எழுதி, இண்டர்நெட்ல ஜப்பான் பாஷை ஆக்கி, சாப்ட்வேர்ல போட்டு எடுத்தேன்."

"ஜப்பான் எழுத்துலயே குடுத்திருக்கலாமே?" என்றான் சுயம்பு.

"குடுத்தா அவரு வாசிப்பாரு. நான் பாத்துட்டு நிக்கணும். அவ சொல்லுத மாதிரி எனக்க வாயால அவரு கேக்கணும். கேக்கும்போ அவருக்க மொகத்த நான் பாக்கணும். அதுக்குத்தான் அண்ணே."

"பாத்தியா?" என்றாள் நேசபாய்.

"பாத்தேன். மொகத்துல ரத்தமே இல்ல."

வாசலில் பைக் சத்தம். பெனின் நனைந்துபோய் உள்ளே வந்தான். நேசபாயைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"மேடம்! சிஜின்தானே?"

"ஆளு கிடைச்சாச்சு தம்பி. கேசுதான் மாறிப்போச்சு" என்றான் சுயம்பு.

நேசபாய் கைப்பையிலிருந்து பூக்கடைக் காகிதத்தை எடுத்து விரித்தாள். அந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்ததும் பெனின் நின்ற இடத்தில் நின்றான்.

"மொத லெட்டரக் கேட்டப்பவே இது கள்ளம்னு ஒனக்குத் தெரியும். 'அவளுக்க பேரு இது இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நீ சொல்லல. யூகோவத் தெரியாதுன்னு மாதா மேல சத்தியம் பண்ணின. நல்ல சத்தியம். பொய்யே இல்ல. ஹிரோகோவத் தெரியுமான்னுதான் யாருமே ஒன்கிட்ட கேக்கலியே! எங்கிட்ட நீ வந்தது குடும்பத்தக் காப்பாத்த இல்ல தம்பி. இந்த விஷயம் வேற யாருக்குத் தெரியும்னு கண்டுபிடிக்க."

"நானாக்கும் எழுதினது" என்றாள் லிஜா தரையிலிருந்து.

பெனின் அவளைப் பார்த்தான்.

"ஒண்ணும் நடக்கல லிஜா. ஒரே டிரெயின்ல போவோம். பேசுவோம். அவ்வளவுதான். மாதாவாணை..."

"மாதாவ விடுங்க. ஒண்ணும் நடக்கலன்னா எதுக்கு மறச்சீங்க? சிஜின் பேரு தெரியும், மேனேஜர் பேரு தெரியும், கேண்டீன்காரன் பேருகூட எனக்குத் தெரியும். எட்டு மாசத்துல ஒருநாளாவது அவளுக்க பேரு உங்க வாயில வந்திச்சா?"

பெனின் பக்கத்தில் கிடந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த லெட்டர்ல, உன் மனைவிகிட்ட எப்போ சொல்வாய்னு ஒரு வரி இருந்திச்சே... அதக் கேட்டதுமே தெரிஞ்சிட்டு. இத அவ எழுதியிருக்க முடியாதுன்னு. பேரு தப்புங்கிறது அப்பொறம்தான். அவளுக்கு..."

"அவளுக்கு?"

"எனக்குக் கல்யாணம் ஆன விஷயமே அவளுக்குத் தெரியாது."

சுயம்பு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

லிஜா எழுந்தாள். மேஜையில் கிடந்த அவனுடைய போனை எடுத்து நீட்டினாள்.

"போன் போடுங்க. இப்பவே. ஸ்பீக்கர்ல."

"லிஜா..."

"நீங்க போடலன்னா நான் சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போவேன். போட்டா என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. போடுங்க."

மணி நான்கு தடவை அடித்தது. ஐந்தாவது தடவை அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். மெல்லிய குரல். அவன் பெயரை அவள் தன் பாஷையில் கொஞ்சம் நீட்டிச் சொன்னாள். அதில் சந்தோஷம் இருந்தது. லிஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

பெனின் ஜப்பானிய மொழியில் பேசினான். நாலைந்து வாக்கியங்கள்தான். நடுவில் லிஜாவின் பெயர் வந்தது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. போன் கட் ஆகிவிட்டதோ என்று சுயம்பு எட்டிப் பார்த்தான். கட் ஆகவில்லை. அங்கே தூரத்தில் ஒரு ரயில் அறிவிப்பு கேட்டது.

பிறகு அந்தக் குரல் ஒரு கேள்வி கேட்டது. பெனின் தலைகுனிந்து "ஹாய்" என்றான். ஆமாம், பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று அதற்கு அர்த்தமாக இருக்கவேண்டும். ஏனென்றால் அடுத்து வந்தது ஆங்கிலம். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்த ஆங்கிலம்.

"மிசஸ் பெனின். ஐ ஆம் சாரி. ஐ டிட் நாட் நோ."

இரண்டு மாதமாக லிஜா இந்தக் குரலிடம் சொல்வதற்கென்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். கெட்ட வார்த்தைகூட இரண்டு இருந்தன. போனை வாங்கி வாயருகே கொண்டுபோனாள்.

"ஐ ஆல்சோ டிட் நாட் நோ" என்றாள்.

பிறகு அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

நேசபாய் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே மழை விட்டிருந்தது.

*

பதினைந்து நாள் கழித்து லிஜா தனியாக மாடியேறி வந்தாள். அப்போது சுயம்பு டீ வாங்கிவிட்டு வந்திருந்தான். தன் டீயை அவளுக்குக் கொடுத்தான்.

பெனின் ஒசாகா வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அந்த சீட்டு சிஜினுக்குப் போயிருக்கிறது. அவளும் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. பெனின் தினமும் பஸ்ஸில் திருவனந்தபுரம் போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிறான். அந்த நாற்பத்தேழு மெயிலையும் அவள் முன்னாலேயே அழித்துவிட்டான். கேட்டால் எல்லாம் சொல்கிறான். கேட்காவிட்டாலும் சொல்கிறான்.

"அப்போ நல்லதுதானே மக்ளே" என்றாள் நேசபாய். "பின்ன ஏன் மொகம் இப்படி இருக்கு?"

லிஜா டீயைக் குடிக்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னே எனக்கு அவ வெறும் ரெண்டு எழுத்துதான் அக்கா. அதக்கூட வாசிக்கத் தெரியாம இருந்தேன். அவளத் திட்டிட்டே தூங்கிருவேன். இப்ப திட்டவும் வர மாட்டேங்குது."

"ஏன்?"

"அவளுக்க சத்தம் கொள்ளாம் அக்கா" என்றாள் லிஜா. "ரொம்ப நல்ல கொரலு."